ஒரு பழைய படத்தின் சாட்சியம்

சென்ற தீபாவளிக்கு மறுவாரம், நமது பெரியப்பாவின் மூத்த குமாரர், நமக்கு அண்ணன் முறையாகிறவர், கக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு படத்தையும் கையில் ஒரு வசூல் நோட்டையும் எடுத்துக்கொண்டு நமது வீட்டிற்கு வந்தார். தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்ப்பவனுக்கு இங்கிலீஷில் எழுத வராத காரியம் உலகத்தில் இல்லையென்பது நமது ஜனங்களின் எண்ணம். ஆங்கிலத்தில் பாடம் படித்த பாவத்திற்காக நாம் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்களை அடுக்கினால் ஆளுயரம் வரும். இம்முறை அண்ணன் கேட்டது கூலிம் ஹைடெக் பூங்காவிலுள்ள கம்பெனிகளுக்கு அனுப்பத்தக்க ஒரு நன்கொடை விண்ணப்பம். காரியம், ஒரு முனிக் கோயில். அத்தாட்சி, கக்கத்திலிருந்த அந்தப் படம்.

அப்படத்தை நாம் சிறுவயது முதல் அறிவோம். பெரியப்பா வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். கற்பூரப் புகை படிந்து கண்ணாடி மஞ்சளித்துப் போயிருக்கும். தகரக் கூரை வேய்ந்த லயம் ஒன்று. அதற்குப் பின்னால் பால்மரங்கள். அவற்றின் தலைக்கு மேல், வெறும் ஆகாயத்தில், பத்துக் காசு அளவில் சற்றே சாய்ந்த ஒரு வட்டு. இவ்வளவுதான் படம். கதையோ இதைவிடப் பெரிது. 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு நாள் மாலை, வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய வேளையில், மேற்குக் காட்டின் மேலிருந்து அது வந்ததாம். பெரியப்பா பெட்டிக் காமிராவை எடுத்து ஒரே தடவை அழுத்தினாராம். மறுகணம் அது மறைந்துவிட்டதாம். பறக்கும் தட்டு என்றார் சிலர். முனியின் ஜோதி என்றார் பலர். வருஷம் ஆக ஆக முனியின் கட்சியே வலுத்தது.

இக்கதைக்கு ஒரு பின்னணி உண்டு. அதே ஆகஸ்டில், கெடா எல்லையைத் தாண்டி மோட்டாரில் அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய புக்கிட் மெர்தாஜாமில், ஸ்டோவல் ஆங்கில ஆரம்பப் பள்ளி மாணவர்கள் சிலர், சிறியதொரு பறக்கும் தட்டு இறங்கியதைக் கண்டதாகவும், அதிலிருந்து மூன்று அங்குல உயரமுள்ள ஆட்கள் வெளிப்பட்டதாகவும் சொன்னார்கள். பத்திரிகைகள் அதை வெளியிட்டன. மலேசியாவில் இவ்வகைக் கதைகளுள் இதைப்போல் பெயர் பெற்றது வேறொன்றில்லை. அங்கே சாட்சியம் பிள்ளைகளின் வாய்மொழி, படம் கிடையாது. நமது குடும்பத்திலோ படம் இருந்தது. எனவே நம்மவர்க்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நாம் சிரித்துவிட்டுக் கடிதம் எழுத மறுத்திருக்கலாம். பகுத்தறிவு பேசுவோரில் பலர் அப்படித்தான் செய்வர், அது சுலபம். ஆனால் அந்த நோட்டில் குடும்பத்திற்கு ஐம்பது வெள்ளி வீதம் ஏற்கெனவே பலருடைய பெயர் ஏறியிருந்தது. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடுகிறவர்கள் அவர்கள். இது ஒன்று. மற்றொன்று இன்னும் கடினமானது. நமது தகப்பனார் காலமானபோது நமக்குப் பன்னிரண்டு வயது; அதன்பின் நம்மை வளர்த்துப் படிக்க வைத்தவர் பெரியப்பா. பால் ஸ்டோரில் நிறுவை பார்த்த காலமெல்லாம் ஒருவர் வாளியிலும் ஒரு குவளை குறைத்து எழுதாத மனிதர் என்று இன்றும் பேர். அப்படம் பொய்யென்றால் அவர் யார்? பாராமலே பொய்யென்று சொல்வதற்கு நமக்கு மனம் வரவில்லை. பாராமலே மெய்யென்று எழுதவும் கை வரவில்லை. ஒரு மாதம் தவணை கேட்டு அண்ணனை அனுப்பிவைத்தோம்.

இந்த மாதிரிப் படங்களைப் பரிசீலிக்கப் புகுவோர் முதலில் அறியவேண்டிய சரித்திரம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த காட்டிங்லி என்ற கிராமத்தில், 1917ஆம் ஆண்டு, பதினாறு வயதும் ஒன்பது வயதுமான இரு பெண்கள் ஓடைக்கரையில் தேவதைகளைக் கண்டதாகச் சொல்லி, தகப்பனாரின் காமிராவால் படமும் எடுத்து வந்தார்கள். போட்டோக் கலையில் தேர்ந்த ஒருவர் அந்த நெகட்டிவுகளைப் பார்த்து, இவற்றில் ஒட்டுவேலையும் இல்லை, இரட்டைப் பதிவும் இல்லை என்று உறுதி கூறினார். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அதை நம்பி, 1920 டிசம்பரில் ஸ்டிராண்டு பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். 1983இல்தான் அப்பெண்கள், கிழவிகளான பின், உண்மையை ஒப்புக்கொண்டார்கள். தேவதைகள் காகிதத்தில் வெட்டிய சித்திரங்கள்; தொப்பி ஊசியால் நிறுத்தப்பட்டவை. இதில் கவனிக்க வேண்டியது, அந்த நிபுணர் சொன்னது பொய்யன்று என்பதே. நெகட்டிவில் ஒரு தில்லுமுல்லும் இல்லை. காமிரா தன் எதிரே இருந்த காகிதத்தை உள்ளபடியே பதிந்தது. பிலிம் மெய்யா என்பது ஒரு கேள்வி. பிலிமில் உள்ளது எது என்பது வேறு கேள்வி. முதற் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் எழுதிக்கொண்டதே டாயில் செய்த பிழை.

நிற்க. பெரியப்பா வீட்டுப் பிஸ்கட் டின்னொன்றில் நெகட்டிவ் இருந்தது. இது நாம் எதிர்பாராத பாக்கியம். சுவரில் தொங்கியது பட்டணத்து ஸ்டூடியோவில் பெரிதாக்கிய பிரதி. பிரதியில் எதையும் ஒட்டலாம், வெட்டலாம். நெகட்டிவை ஏமாற்றுவது அவ்வளவு எளிதன்று. அண்ணனின் மகள், நம்மைச் சித்தப்பா என்றழைப்பவள், ஹைடெக் பூங்காவில் ஒரு கம்பெனியில் சிலிக்கன் வட்டுகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள். தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி போர்த்து, கண்ணுக்குத் தெரியாத கீறலைத் தேடிப் பன்னிரண்டு மணி நேரம் வட்டுகளையே பார்க்கிறவள். அவளுடைய பாட்டி நடுச்சாமத்தில் எழுந்து பால் வெட்டப் போன தேசத்தில்தான் 1996இல் இந்தப் பூங்கா திறக்கப்பட்டது. ஒரு வட்டைப் பரிசோதிக்க அவளைவிடத் தகுந்தவர் யாரென்று அவளிடமே கொடுத்தோம். சிநேகிதர் ஒருவரின் ஸ்கேனரில் அவள் நெகட்டிவ் முழுவதையும் பதிவு செய்து, பெருக்கிப் பெருக்கிப் பார்த்தாள். கீறல் இல்லை. ஒட்டு இல்லை. வட்டின் மேலும் ஆகாயத்தின் மேலும் பிலிமின் மணிகள் ஒரே சீராக இருந்தன. “சித்தப்பா, இது நிஜந்தான்” என்று போனில் சொன்னாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு நமக்குக் காட்டிங்லி நிபுணர் ஞாபகம் வந்தது.

அடுத்தது அளவு. அந்தப் பெட்டிக் காமிராவில் கண்ணாடிக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 105 மில்லிமீட்டர். நெகட்டிவில் வட்டின் அகலம் 3 மில்லிமீட்டர். 105ஐ 3ஆல் வகுத்தால் 35. அஃதாவது, அப்பொருள் எத்தனை அகலமோ, அதைப்போல் 35 மடங்கு தூரத்தில் அது இருந்தது. படம் சொல்வது இவ்வளவே. அளவையும் சொல்லாது, தூரத்தையும் சொல்லாது, இரண்டுக்குமுள்ள விகிதத்தை மட்டும் சொல்லும். பத்து மீட்டர் அகலமுள்ள விண்கலமானால் அது 350 மீட்டருக்கு அப்பால், மரங்களுக்கு மேலே இருந்தது. 25 சென்டிமீட்டர் அகலமுள்ள பொருளானால் ஒன்பது மீட்டருக்கும் குறைவான தூரத்தில், வாசலுக்கு எதிரே இருந்தது. இரண்டும் ஒரே படத்தைத்தான் தரும். ‘எவ்வளவு பெரிசு தெரியுமா’ என்று படத்தைக் காட்டிச் சொல்கிற எவரும், தமக்குத் தெரியாத தூரத்தைத் தெரிந்ததாக முதலில் வைத்துக்கொண்டு பேசுகிறார்.

தூரத்தை அறிய வேறு வழியுண்டா? அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து மக்மின்வில் என்ற ஊருக்கருகே 1950 மே 11ஆம் தேதி பால் டிரெண்ட் என்ற விவசாயி எடுத்த இரு படங்கள் இத்துறையில் பிரசித்தமானவை. 1969இல் வெளியான கொலராடோ சர்வகலாசாலையாரின் அறிக்கைக்காக வில்லியம் ஹார்ட்மன் என்பவர் அவற்றை ஆராய்ந்தார். தூரத்து மலை வெளிறியும் பக்கத்து மரம் கருத்தும் தோன்றுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இடையிலுள்ள காற்றின் வெளிச்சமே காரணம். டிரெண்டின் படத்தில் பொருளின் அடிநிழல் வெளிறியிருந்ததால் அது தூரத்தில் இருந்திருக்கலாம் என்று அவர் கணித்தார். கண்ணாடியில் அழுக்கிருந்தாலும் அதேபோல் வெளிறும் என்று பிற்பாடு மறுத்தார்கள். நமது படத்திலோ இந்த வழக்குக்கே இடமில்லை. வட்டின் அடிப்பக்கம் மரங்களைவிடக் கருத்து, அண்மையில் நின்ற தூணின் நிழலுக்கு நிகராக இருந்தது. அழுக்குக் கண்ணாடி வெளிறச் செய்யுமே தவிரக் கறுக்கச் செய்யாது. ஆயினும் இயல்பிலேயே கரிய பொருள் ஒன்று தூரத்தில் நிற்கக் கூடாதா? கூடும். ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல நாம் துணியவில்லை.

மக்மின்வில் படங்களில் மற்றொரு சங்கதி உண்டு. டிரெண்ட் தம்பதியர் மாலையில் எடுத்ததாகச் சொன்னார்கள். ஆனால் படத்திலிருந்த கொட்டகையின் கிழக்குச் சுவரில் கூரைக் கட்டைகளின் நிழல் விழுந்திருந்தது. மாலை வெயில் கிழக்குச் சுவரில் எப்படி அடிக்கும்? ராபர்ட் ஷீஃபர் என்பவர் எழுப்பிய இந்த ஆட்சேபத்தைப் படித்த இரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஏனெனில் நமது படத்திலும் லயத்தின் முகப்பில் பளிச்சென்று வெயில் அடித்திருந்தது. தாழ்வாரத்துத் தூண்களின் நிழல் சுவரின்மேல் தெளிவாக நின்றது. அந்த லயம் எத்திசை நோக்கியது? லயம் இன்று இல்லை. அது நின்ற மண் எந்த ரோட்டின் கீழ் இருக்கிறதென்று காட்டக்கூடியவரும் அதிகமில்லை. ஆனால் கிராணி உத்தியோகத்தால் நமக்குக் கிடைத்த நன்மைகளில் ஒன்று, பழைய காகிதங்களின் சாவி நம்மிடம் இருப்பது. ஆபீஸ் அலமாரியில், விற்கப்பட்ட அந்தப் பிரிவின் நிலப்படம் துணியில் ஒட்டிச் சுருட்டியபடி இருந்தது. விரித்துப் பார்த்தோம். அந்த லயத்தின் வாசல்கள் கிழக்கே பார்த்தன. மாலையானால் முகப்பு நிழலில் இருளடைந்து, வெயில் காமிராவின் கண்ணிலேயே அடித்திருக்கும். படம் காலையில் எடுத்தது.

பிறகு வந்தவை விரைவாக வந்தன. வட்டு உள்ள நெகட்டிவுக்கு முந்தியதை, யாரும் என்றும் பிரதி எடுக்காததை, மகள் பார்த்தாள். அதே லயம், அதே நிலை, அதே நிழல். ஆகாயம் மட்டும் காலி. திடீரென்று தோன்றியதைக் கண்டு ஒரே தடவை அழுத்தியவர், அது தோன்றுமுன்பே காலி ஆகாயத்தை நோக்கிக் காமிராவைப் பிடித்தது எதற்கு? அடுத்தபடியாக, சுவரிலிருந்த பிரதியில் ஸ்டூடியோக்காரர் படத்தின் பாதியை ஒதுக்கிவிட்டிருந்தார். முழு நெகட்டிவின் இடதோரத்தில், சட்டைக் கையை மடித்துவிட்ட ஒரு முழங்கை இருந்தது. உயர்ந்த கை. எதையோ வீசி முடித்த கை.

மகள் அன்றிரவு மறுபடி பேசவில்லை. ‘பார்த்தீர்களா’ என்று ஒரு வரி மட்டும் அனுப்பினாள்.

கண்டதை மாறி உணர்வது வேறு, வேண்டுமென்று புனைவது வேறு. லடாக் எல்லையில் இந்தியச் சிப்பாய்கள் மாதக்கணக்கில் இரவு தோறும் குறித்துவைத்த ஒளிகளைச் சீனரின் உளவு விமானம் என்று எண்ணினார்கள். இந்திய வானியற்பியல் கழகத்தார் பார்த்து, அவை வியாழனும் சுக்கிரனுமே என்றார்கள். இது 2013இல் வெளிவந்த சங்கதி. அச்சிப்பாய்களை யாரும் பொய்யரென்று சொல்ல முடியாது. பெரியப்பாவின் விஷயமும் அவ்வாறு ஏதோ மயக்கமாக இருந்துவிடக் கூடாதா என்று நாம் ஆசைப்பட்டது உண்மை. அந்த முழங்கை அந்த ஆசைக்கு இடம் வைக்கவில்லை.

முழுப் பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். பெரியப்பாவுக்கு எண்பது வயது. சாய்வு நாற்காலியில் அமர்ந்து பிரதியை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “இவ்வளவும் இதிலே இருந்ததா?” என்றார். இருந்ததென்றோம். பெரியம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகும்வரை காத்திருந்து, “பெரியப்பா, இது காலையில் எடுத்த படந்தானே?” என்று கேட்டோம்.

பதில் இல்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு, “லீவு நாள் காலை” என்றார். இன்னும் சிறிது பொறுத்து, இடதோரத்தில் நகத்தை வைத்து, “இது யார் கை தெரியுமா தம்பி? உன் அப்பன் கை” என்றார்.

நமது தகப்பனாருக்கு அப்பொழுது பதினைந்து வயது. அவருடைய இளவயதுப் படம் ஒன்றுகூட நம்மிடமில்லை. கலியாணத்துக்கு எடுத்த படமே முதற்படம் என்று எண்ணியிருந்தோம்.

பெரியப்பா சொன்னது இது. புக்கிட் மெர்தாஜாம் சங்கதி பத்திரிகையில் வந்து தோட்டமெல்லாம் அதே பேச்சாக இருந்த சமயம். அதற்குச் சில வருஷம் முன்பு, 1963இல் வந்த ‘கலை அரசி’யைத் தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டியிருந்தார்கள், அந்தப் படத்தில் வேற்றுலகத்தார் வந்து பானுமதியைக் கொண்டுபோவார்கள், எம்.ஜி.ஆர். மீட்பார். அது முதல் தம்பிக்கு அதே பைத்தியம். சோற்றுப் பானையை மூடுகிற அலுமினியத் தட்டு, அடியில் விறகடுப்புக் கரி பிடித்தது. அதைத் தம்பி வீச, அண்ணன் அழுத்தினார். முதற்தடவை தட்டு படத்தில் விழவில்லை. இரண்டாந்தடவை விழுந்தது. தட்டு கல்லில் பட்டு நெளிந்து, இருவருக்கும் தாயாரிடம் வசவு.

வட்டின் அடி கருத்திருந்ததற்குக் காரணம் அடுப்புக் கரியென்று நமக்குத் தோன்றியே இருக்காது. 1947 ஜூன் 24ஆம் தேதி கென்னத் ஆர்னால்டு என்ற அமெரிக்கர் ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருள்கள் பறக்கக் கண்டு, தண்ணீரில் சாஸரை வீசினால் எப்படித் தத்திப்போகுமோ அப்படிப் போயின என்றார். பத்திரிகைக்காரர்கள் போன விதத்தை வடிவமாக்கி ‘பறக்கும் சாஸர்’ என்று பேரிட்டார்கள். அதுமுதல் காண்கிறவரெல்லாம் சாஸரையே கண்டார்கள். தமிழில் அதைத் தட்டு என்று பெயர்த்தவர் நமது வீட்டுப் படத்தைப் பொறுத்தமட்டில் ஓரெழுத்தும் பிசகவில்லை.

“அப்போதே சொல்லியிருக்கலாமே பெரியப்பா?”

“சொன்னேனே. உன் பாட்டியிடந்தான் முதலில் சொன்னேன். வீசியது உன் பிள்ளை, தட்டு உன் தட்டு என்றேன். அவன் கையில் முனி வந்து வீச வைத்தது என்றாள். அந்த வாரம் உன் சின்னத்தைக்குக் காய்ச்சல். படத்துக்குக் கற்பூரம் காட்டினாள். காய்ச்சல் விட்டுப்போனது. அப்புறம் யாரிடம் போய் என்னவென்று சொல்வது?”

மாலை என்பதையும் மேற்குக் காடு என்பதையும் சேர்த்தது யாரென்று கேட்டோம். அவருக்கு ஞாபகமில்லை. தாம் ‘ஆம்’ என்று சொல்லவில்லை, ‘இல்லை’ என்று சொல்வதை நிறுத்திக்கொண்டதாகச் சொன்னார். அப்படி நிறுத்திக்கொண்டதும் ஒருவகைப் பொய்யே என்பது நமது அபிப்பிராயம். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. காட்டிங்லிப் பெண்கள் அறுபத்தாறு வருஷம் வாய் திறவாததும், கானன் டாயில் போன்ற பெரிய மனிதரை நம்பவைத்துவிட்ட வெட்கத்தால்தான். பெரியப்பாவுக்கு நம்பியவர் தாயார்.

அண்ணனுக்கு விஷயத்தைச் சொன்னது பெரியப்பாவேதான். அண்ணன் நம்மீது கோபங்கொண்டார். ஐம்பது வருஷம் கும்பிட்ட படத்தை ஒரு மாதத்தில் சோற்றுத் தட்டாக்கிவிட்டாய் என்றார். கோயில் வேண்டுமென்றால் கோயில் வேண்டுமென்றே கேளுங்கள், படமில்லாமல் கடிதம் எழுதித்தருகிறோம் என்றோம். பணத்தைப் பிள்ளைகள் படிக்க ஓர் அறை கட்டச் செலவிட்டால் நாமும் ஐம்பது வெள்ளி தருகிறோம் என்றும் சொன்னோம். இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை. நோட்டில் பெயரிட்டவர்களில் நான்கு குடும்பத்தார் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மற்றவர்களில் பலர் பாட்டி சொன்னதையே சொல்கிறார்கள்.

மறுவாரம் மகள் முழு நெகட்டிவையும் ஒரு முழ அகலத்திற்குப் பிரதி எடுத்து, தாத்தாவிடம் கொண்டுவந்தாள். சுவர்ப் பிரதியில் ஐந்து வாசல்தான் இருந்தது, இதில் பதினொன்று. பெரியப்பா பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு இடதுபுறமிருந்து எண்ணத் தொடங்கினார். முதல் வாசல் தண்டல் வீடு. இரண்டாவது, ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த கிழவி. மூன்றாவதில் இருந்தவர்கள் ஊருக்குக் கப்பலேறியவர்கள் திரும்பவில்லை. நான்காவதில் தபேலா வாசிப்பவர் ஒருவர். ஒன்பதாவது வாசலில் கண்ணாடி நின்றது. “இது நாங்கள்” என்றார். வாசலில் ஒரு பானை கவிழ்த்து வைத்திருந்தது. பத்தாவதையும் சொல்லிவிட்டார். பதினோராவது வாசலில் கொடியில் ஒரு சேலை காய்ந்தது. அவ்வீட்டார் யாரென்று அவருக்கு வரவில்லை. பெரியம்மாவைக் கூப்பிட்டார். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியை வாங்கி அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.